இன்று எந்தத் தட்டு சுழல்கிறது?

இசைத்தட்டுப் பிரியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தட்டைச் சுழலவிட்டதும் அதன் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டச் சீட்டைக் கைபேசியில் படமெடுத்து, இன்று வீட்டில் இதுதான் ஓடுகிறது என்று நண்பர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். உலகெங்கும் பரவிவிட்ட இந்தப் பழக்கம் பார்ப்பவருக்கு வெறும் பொழுதுபோக்காகவோ கொஞ்சம் பெருமையடிப்பாகவோ தோன்றுவதில் வியப்பில்லை. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் 4 கோடிக்கும் மேற்பட்ட வினைல் தட்டுகள் விற்று, 1987க்குப் பிறகு முதல் தடவையாகக் குறுந்தட்டு விற்பனையை எண்ணிக்கையில் முந்தின. ஆகவே இதை வசதி படைத்தவர்களின் மோகம் என்று ஒதுக்குபவர் ஆதாரமில்லாமல் பேசவில்லை. ஆனால் பதுளையிலோ பசறையிலோ பண்டாரவளையிலோ ஒரு தமிழ் வீட்டில் பழைய தட்டு ஒன்று சுழலும்போது, அது என்ன தட்டு, யாரிடமிருந்து வந்தது, யார் கேட்டார்கள் என்று நாலு பேருக்குத் தெரியச் சொல்வது வேறொரு வேலையையும் செய்கிறது. ஊவாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எதைக் கேட்டு மகிழ்ந்தார்கள் என்பதற்கு அப்படியொரு கணக்கை எந்தக் கந்தோரும் வைக்கவில்லை. அந்தக் கணக்கை இனி எழுதக்கூடியவர்கள் தட்டு வைத்திருப்பவர்களும் தட்டுக் கேட்டவர்களும்தான்.

ஒரு தட்டு தன்னைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பழைய தட்டுகள் நிமிடத்துக்கு 78 தடவை சுற்றுபவை. அரக்குக் கலந்து செய்த கனமான தட்டு. கை தவறினால் உடைந்துபோகும். 10 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடத்துப் பாட்டு ஒன்றுதான் அடங்கும். 1948இல் கொலம்பியா நிறுவனம் அமெரிக்காவில் 33⅓ சுற்று நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுற்றுச் சிறுதட்டை வெளியிட்டது. இவை வினைலால் ஆனவை. நெடுந்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும், ஈ.பி. எனப்படும் 7 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு திரைப்பாடல்கள் வரும். மேலைநாடுகள் 78ஐக் கைவிட்ட பின்னரும் இந்தியாவில் 1960களின் பிற்பகுதி வரை அது தயாரானது. சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டியதில்லை என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும். லயன் காம்பராக்களுக்கு வெகுகாலம் மின்சாரம் எட்டாத ஊவாவில் இது முக்கியமான துப்பு. ஒரு வீட்டில் 78கள் மட்டும் கிடைத்தால் சாவி கொடுக்கும் பெட்டி இருந்த வீடு என்றும், நெடுந்தட்டுகள் கிடைத்தால் ரேடியோகிராமும் மின்சாரமும் இருந்த வீடு என்றும் பெரும்பாலும் ஊகிக்கலாம். சீட்டில் உள்ள நிறுவனப் பெயரும் வரிசை எண்ணும் தட்டு வெளியான காலத்தைக் காட்டும். நாய்ப் படம் போட்ட எச்.எம்.வி.யா, கொலம்பியாவா, ஓடியனா, பின்னாளின் இன்ரெகோவா, எக்கோவா என்பதைக் கொண்டே பழகியவர்கள் அது எந்தக் காலத்துத் தட்டு என்று சொல்லிவிடுவார்கள். உறையின் பின்புறம் கடை முத்திரை இருந்தால் வாங்கிய ஊரும் தெரிந்துவிடும்.

தான் கேட்கும் தட்டை மற்றவருக்கு அறிவிப்பது இலங்கைக்குப் புதிதல்ல. இந்நாட்டு வானொலியே அப்படித்தான் பிறந்தது. 1920களின் முற்பாதியில் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு செய்த சிறிய ஒலிபரப்பியால், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஓர் அறையிலிருந்து கிராமபோன் இசையைக் காற்றில் அனுப்பினார். 1925 டிசம்பரில் ஒழுங்கான ஒலிபரப்பு தொடங்கியது. மலைநாட்டு ரயில் பாதை பதுளை வரை வந்து முடிந்தது 1924இல். தண்டவாளமும் வானொலியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஊவாவைக் கொழும்போடு இணைத்தன. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. இரண்டே ஆண்டில் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடத்தைச் சுருக்கினார்; கேட்க ஆசைப்பட்டவர்கள் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். தமிழில் எஸ். பி. மயில்வாகனன் தொடங்கி ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் வரை ஓர் அறிவிப்பாளர் பரம்பரையே தமிழ்நாடு முழுக்க அறியப்பட்டது அப்படித்தான். அவர்கள் செய்ததன் சாரம் எளியது: எந்தப் படம், யார் பாடியது, யார் இசை, யார் எழுதியது என்று தட்டின் விவரத்தைச் சொல்லிவிட்டு ஊசியை வைத்தார்கள்.

அந்த விவரம் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு இந்தித் திரையுலகில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1949இல் வந்த ‘மஹல்’ படத்தின் புகழ்பெற்ற பாட்டுத் தட்டில் பாடியவர் பெயராக அச்சாகியிருந்தது ‘காமினி’. அது கதாநாயகி ஏற்ற பாத்திரத்தின் பெயர். உண்மையில் பாடியவர் லதா மங்கேஷ்கர். வானொலியில் அதைக் கேட்டவர்கள் யார் பாடியது என்று எழுதிக் கேட்ட பிறகுதான் லதாவின் பெயர் வெளியே வந்தது. சீட்டு மறைத்ததை அறிவிப்பு திருத்தியது. ஒரு தட்டைப் பற்றிப் பொதுவில் பேசினால்தான் அதைப் பற்றிய அறிவு சேரும் என்பதே இதிலிருந்து கிடைப்பது. தனியறையில் ஒருவர் மட்டும் கேட்டு மூடிவைக்கும் தட்டு பற்றிய பிழை பிழையாகவே நின்றுவிடும். நாலு பேர் அறியச் சொன்னால் ஐந்தாவது ஆள் திருத்துவார். வட்டச் சீட்டைப் படமெடுத்து அனுப்புபவர், தெரிந்தோ தெரியாமலோ, அறிவிப்பாளரின் வேலையைத்தான் தொடர்கிறார்.

இங்கே முதல் மறுப்பு எழும். தோட்டத் தொழிலாளிக்கும் இசைத்தட்டுக்கும் என்ன தொடர்பு? நாட்கூலிக்கு வேலை செய்தவர், இரண்டு மூன்று தலைமுறை ஒரே காம்பராவுக்குள் ஒடுங்கியிருந்தவர், கிராமபோனையும் தட்டையும் எங்கே வாங்கியிருப்பார்? இருந்திருந்தால் பெரிய கங்காணி வீட்டிலோ, டீமேக்கர், கணக்கப்பிள்ளை குவாட்டர்ஸிலோ, பதுளைக் கடைவீதி முதலாளி வீட்டிலோதான் இருந்திருக்கும். ஆகவே தட்டுகளின் கதை மேல்தட்டின் கதைதான் என்பது அந்த மறுப்பு. உடைமையைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் தட்டை வைத்திருப்பது ஒன்று, கேட்பது இன்னொன்று. மாரியம்மன் திருவிழாவில் மரத்தில் கட்டிய லவுட் ஸ்பீக்கரும், கல்யாண வீட்டுப் பாட்டும், தேத்தண்ணிக் கடை ரேடியோவும் ஒரு தட்டை ஒரு டிவிசன் முழுவதற்கும் பொதுவாக்கின. பற்றரியில் ஓடும் டிரான்சிஸ்டர் வந்ததும் லயத்தில் ஒரு வீட்டுக்காரர் போட்ட பாட்டை வரிசை முழுக்கக் கேட்டது. நடுச்சுவர் மெலிந்த காம்பராக்களில் தனியாகப் பாட்டுக் கேட்பது என்ற ஒன்றே இருக்க முடியாது. இலங்கை வானொலியின் நேயர் விருப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும் இதற்கு இன்னொரு அடுக்கைச் சேர்த்தன. தபாலட்டைக் காசு இருந்தால் போதும், கொழும்பின் தட்டு நூலகத்திலிருந்து ஒரு பாட்டைத் தன் பெயரில் போடவைக்கலாம். தோட்டத்துக்காரர் விலாசத்தில் தோட்டத்தின் பெயர்தான் ஊர்ப்பெயர். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு, தம் பெயரும் இடமும் அரச வானொலியில் மரியாதையோடு வாசிக்கப்படுவது சின்ன விஷயமாக இருந்திருக்காது. ஆகவே பட்டியலிட வேண்டியது யாரிடம் தட்டு இருந்தது என்பதை மட்டுமல்ல. அது எங்கே, எந்தப் பெட்டியில், யார் காதுக்கு எட்டியது என்பதையும்.

இரண்டாவது மறுப்பு காலத்தைப் பற்றியது. எல்லாப் பாட்டும் இன்று கைபேசியில் கிடைக்கிறதே, ஊசித் தேய்வும் கீறல் சத்தமும் எதற்கு? பாட்டுக்காக மட்டும் என்றால் இது சரியான கேள்விதான்; எம்.ஜி.ஆர். படப் பாட்டொன்றைக் கேட்க யாரும் தட்டுத் தேடவேண்டியதில்லை. ஆனால் கைபேசியில் கிடைப்பவை அதிகம் பேர் தேடியவை. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பரப்பிய இலங்கைத் தமிழ்ப் பொப் இசையில் ‘சுராங்கனி’ போன்ற இரண்டு மூன்று பாடல்கள் எங்கும் ஒலிக்கின்றன. அந்த அலையின் மீதிப் பாடல்களைத் தேடினால் கைக்கு வருவது குறைவு. தோட்ட வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்த ‘தோட்டக்காரி’ 1963இல் வெளியானது. பதுளைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் கதை வசனம் எழுதிய ‘புதிய காற்று’ 1975இல் வந்தது. இத்தகைய உள்ளூர்ப் படைப்புகளின் ஒலி எந்த வடிவில், எந்த வீட்டில் எஞ்சியிருக்கிறது என்பதைக் கணினித் தேடல் சொல்லாது; வீட்டுக்காரர்தான் சொல்லவேண்டும். தட்டின் மறுபக்கத்துக்கும் இதே கதி. ஒரு பக்கத்துப் பாட்டு புகழ்பெற்றுவிட்டால் அடுத்த பக்கத்தை யாரும் பதிவேற்றுவதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கைபேசிப் பாட்டுக்கு வந்த வழி கிடையாது. தட்டுக்கு உண்டு: உறையில் எழுதிய பெயர், பரிசளித்த தேதி, கடை முத்திரை, எந்தப் பாட்டின் மேல் அதிகம் ஊசி ஓடியது என்று காட்டும் தேய்வு. ஒரு பாட்டு ஊவாவில் கேட்கப்பட்டது என்பதற்கு அந்தத் தடயங்களே சாட்சி.

அந்தச் சாட்சிகளும் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தருவதாகவும் தீர்மானித்தது. அதன்படி தலைமன்னார் வழியாகக் கப்பலேறியவர்கள் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி முதலான இடங்களில் குடியேறினார்கள். எதை எடுப்பது, எதை விற்பது என்று கணக்குப் பார்த்துப் பெட்டி கட்டிய குடும்பத்துக்கு, உடையக்கூடிய அரக்குத் தட்டு முதலில் கழிக்கவேண்டிய சுமை. 1983 ஜூலை 27ஆம் தேதி பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. நகரத்தில் தட்டும் ரேடியோகிராமும் இருந்திருக்கக்கூடிய வீடுகளும் அவைதான். மிஞ்சியவற்றை மலைக்காலநிலை தின்கிறது. வடகீழ்ப் பருவமழை மாதங்களில் பதுளைச் சரிவுகளில் ஈரம் காயாது. அப்புத்தளைப் பக்கம் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். அரக்குத் தட்டிலும் காகித உறையிலும் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் காலத்தில் தகரக் கூரைக்கு அடியில் படுக்கையாக அடுக்கிய வினைல் வளைந்துபோகும். தட்டுகளைப் புத்தகம்போல நிறுத்திவைத்து, சுவரிலிருந்து தள்ளி, ஈரமும் நேர் வெயிலும் படாமல் காத்தால் பல ஆண்டு நிற்கும். அரக்குத் தட்டை மதுசாரம் கலந்த திரவத்தால் துடைக்கக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். ஆனாலும் தட்டு என்றைக்கும் இருக்கப்போவதில்லை. அது இருந்தது, கேட்கப்பட்டது என்ற செய்தியை எழுதிவைப்பதற்கு வைப்பிடமும் வேண்டாம், செலவும் இல்லை.

மூன்றாவது மறுப்புதான் வலியது. தட்டில் வந்தவை சென்னையின் பாட்டுகள். மலையகத்தின் சொந்தப் பாட்டு எதுவும் அதில் ஏறவில்லை. கிராமபோன் கம்பெனிகளுக்குச் சந்தைதான் அளவுகோல். கொழுந்தெடுக்கும் மலையில் பிறந்த பாட்டையும், தாலாட்டு, ஒப்பாரியையும், காமன் கூத்தின் விடியவிடிய நடக்கும் பாடல்களையும், தப்பின் அடியையும் மூன்று நிமிடத் தட்டில் பிடிக்க அவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை. அப்படியிருக்கத் தட்டுப் பட்டியலைக் கொண்டாடுவது, மலையகப் பாட்டை அமுக்கிய ஒலியையே கொண்டாடுவது ஆகாதா? இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்க வேண்டியிருந்ததே, அந்தக் காரியத்தைச் செய்ய எந்த ஒலிப்பதிவுக் கம்பெனியும் வராததால்தான். ஆனால் மறு பாதியையும் சொல்லவேண்டும். வெளியிலிருந்து வந்த மெட்டும் தோட்டத்துச் சொல்லும் தனித்தனி அறைகளில் இருக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் துயரத்தையும் உரிமையையும் பாட்டாக்கி மேடைகளில் பாடினார். 1940இல் வெளிவந்த அவரது பாட்டுப் புத்தகம், மக்கள் வாயில் ஏற்கனவே புழங்கிய மெட்டுகளில் பாடும்படி அமைந்தது. நாடகமேடையும் கிராமபோனும் பரப்பிய மெட்டைத் தோட்டம் வாங்கித் தன் வழக்குக்குப் பயன்படுத்திக்கொண்டது. எந்த மெட்டு எந்தத் தோட்டத்தில் கேட்கப்பட்டது என்று தெரிந்தால், எந்தப் பாட்டு எதிலிருந்து பிறந்தது என்று ஆராய்பவருக்கு வழி திறக்கும். அதோடு, பட்டியல் ஒன்று இருந்தால்தான் அதில் என்ன இல்லை என்பதும் தெரியும். நூறு வீட்டுத் தட்டுகளைக் குறித்துப் பார்த்து, அவற்றில் ஒன்றில்கூடத் தப்பின் ஓசை இல்லை என்று காட்டினால், மலையக இசை ஒதுக்கப்பட்டது என்ற மனக்குறை ஆதாரமுள்ள குற்றச்சாட்டாகிவிடும்.

சட்டத்தைப் பற்றிய தயக்கமும் சிலருக்கு இருக்கலாம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒலிப்பதிவுகளையும் பாடல்களையும் காக்கிறது. தட்டிலிருந்து பாட்டைப் பதிவுசெய்து ஊருக்கெல்லாம் அனுப்புவதற்குமுன் உரிமை யாருடையது என்று பார்க்கவேண்டும். ஆனால் தட்டின் பெயர், பாடியவர், கம்பெனி, எண், கேட்ட இடம் ஆகியவற்றை எழுதிச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை; அவை தகவல்கள். உறையில் இன்னொருவர் பெயரோ விலாசமோ இருந்தால் அதை மறைத்துவிட்டுப் படம் போடுவது மரியாதை. இடம்பெயர்ந்த, தாக்கப்பட்ட குடும்பங்கள் பல உள்ள மாவட்டத்தில் இந்தக் கவனம் கூடுதலாகவே தேவை.

இப்படிச் சேர்ந்த தனிமனிதக் குறிப்புகள் அறிவாக மாறியதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. மும்பையை மையமாகக் கொண்டு 1990இல் உருவான இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தில் கூடியவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்கள்தான். தங்களிடம் இருந்த தட்டுகளின் எண்களையும் பெயர்களையும் ஒப்பிட்டு எழுதியே இந்திய ஒலிப்பதிவின் தொடக்க கால வரலாற்றுக்குப் பொருள் சேர்த்தார்கள். இலங்கைத் தமிழுக்கு, 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் மட்டுமன்றி ஒலி, ஒளி ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வைக்கிறது. மலையகம் பற்றிய ஆவணங்களுக்கும் அங்கே இடமுண்டு. ஆகவே குறிப்பு எழுதினால் போய்ச் சேர இடமில்லை என்று சொல்லமுடியாது. குறைவது எழுதுபவர்கள்தான்.

ஹாலிஎலயிலோ நமுனுகுலையிலோ லுணுகலையிலோ உங்கள் வீட்டில் தட்டு இருந்தால், அடுத்த தடவை அதைப் போடும்போது சில விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சீட்டில் உள்ள பெயர்களும் எண்ணும், அது 78ஆ 45ஆ 33ஆ என்பது, இரண்டு பக்கத்திலும் என்ன இருக்கிறது, எந்தக் கடையில் அல்லது யார் மூலம் வந்தது, எந்தத் தோட்டத்தில் எந்தக் காலத்தில் ஒலித்தது. தட்டு இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் திருவிழாவில் எந்தப் பாட்டு ஓடியது, எந்த நிகழ்ச்சிக்கு எந்தப் பாட்டைக் கேட்டுத் தபாலட்டை போட்டார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். எழுதியதை உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்புங்கள். ஒரு பிரதியை ஆவணகத்துக்கும் கொடுங்கள். 1950களில் ரேடியோ கேட்டு வளர்ந்த தலைமுறை இப்போது எண்பதைத் தொட்டுவிட்டது. இந்த வேலையை அவர்கள் இருக்கும்போதே தொடங்குங்கள்.